அப்பா படத்துக்கு மாலை போடலாமா?

மியான்மரில் யாங்கோன் (பழைய பெயர் ரங்கோன்) நகரத்தில் தாம்வே பக்கம் எங்கள் வீடு. கூடத்துச் சுவரில் முருகன், காளியம்மன், அவர்களுக்குக் கீழே அப்பா. 2015 மழைக்காலத்தில் அப்பா தவறிப்போனார். நான் மூத்த பிள்ளை. கொள்ளி வைத்ததும் நான்தான், பதினாறாம் நாள் காரியம் செய்ததும் நான்தான். ஆறே மாதத்தில் நான் தேவாலயப் படி ஏறியபோது அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

கல்யாணத்துக்காக மாறவில்லை, காசுக்காகவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். என்னோடு கணக்கு வேலை பார்த்த கரென் இனத் தோழி, துக்கம் கேட்க வந்தபோது பர்மிய வேதாகமம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள். ஜட்சன் என்ற அமெரிக்க மிஷனரி மொழிபெயர்த்தது, பழைய நடை. தூக்கம் வராத இரவுகளில் புரட்டிக்கொண்டிருந்தேன். லாசரு செத்த கதை வந்தது. கல்லறைக்குப் போகும் முன் இயேசு அழுகிறார். எனக்கு அதுதான் புரியவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனை எழுப்பப்போகிறார், அது அவருக்கே தெரியும், பிறகு எதற்கு அழுகை? அந்தக் கேள்வியை விட முடியவில்லை. ஒரு நாள், இவர் பின்னால் போகலாம் போலிருக்கிறதே என்று தோன்றிவிட்டது.

சரி, போவது என்றால் எங்கே போவது? எங்கள் ஊர் நடுப்பகுதியில் அரை மணி நேரம் நடந்தால் போதும், உலகத்துக் கிறிஸ்தவம் பாதியைப் பார்த்துவிடலாம். போ ஆங் ஜோ தெருவில் செங்கல் நிறத்தில் புனித மரியாள் கத்தோலிக்கப் பேராலயம், நாட்டிலேயே பெரியது. அதே தெருவில் 1862இல் கட்டிய ஆர்மீனியர் கோயில். சூலே பகோடாவுக்கு எதிரே, பூங்காவை ஒட்டி இம்மானுவேல் பாப்டிஸ்ட் சபை. பழைய கட்டடம் போரில் போய்விட, 1952இல் மறுபடி கட்டினார்கள். போஜோ சந்தைப் பக்கம் போனால் ஆங்கிலிக்கர்களின் பரிசுத்த திரித்துவப் பேராலயம். சென்னை சேப்பாக்கத்தில் செனட் ஹவுஸ் கட்டிய சிஷோம்தான் இதற்கும் வரைபடம் போட்டவர். 1886இல் கல் நாட்டி 1894இல் முடித்தார்கள். இவை எல்லாவற்றுக்கும் நடுவில், நான் சின்ன வயதிலிருந்து போன காளி கோயில். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வாசலைத் தாண்டி இன்னொரு வாசலுக்குப் போகும்போது காளியம்மன் பார்த்துக்கொண்டிருப்பது போலவே இருக்கும்.

முதல் நாலைந்து மாதம் நான் செய்தது வெறும் சுற்றுலா. எங்கே பாட்டு நன்றாக இருக்கிறது, எங்கே பிரசங்கம் சின்னது, எங்கே டீ கொடுக்கிறார்கள் என்று பார்த்தேன். அப்புறம் நூலகக்காரனைப் போல மாறினேன். திருவருட்சாதனம் எனும் புனிதச் சடங்குகள் ஏழா இரண்டா, வேதாகமத்தில் 73 புத்தகமா 66 புத்தகமா என்று ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதினேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஒரு முடிவும் எடுக்க முடியவில்லை. யாரைக் கேட்டாலும் அவரவர் பக்கத்துக்கு வசனம் இருக்கிறது. பிறக்கும்போதே ஒரு பக்கம் இருப்பவர்களுக்கு அது பதிலாகிவிடுகிறது. வெளியிலிருந்து வருகிறவனுக்கு நாலு பதிலும் ஒரே எடை.

திருப்பம் வந்தது அம்மாவால். ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னார்: "எங்க வேணும்னாலும் போப்பா. ஆனா அந்தப் படத்துக்கு மாலை போடலாமா கூடாதான்னு மட்டும் கேட்டுட்டு வா."

கேலியாகச் சொன்னாரா கோபமாகச் சொன்னாரா தெரியவில்லை. ஆனால் அந்த ஒரு கேள்வியை நான் எல்லா வாசலுக்கும் எடுத்துப் போனேன். நோட்டுப் புத்தகம் சொல்லாததையெல்லாம் அது சொல்லியது. இதே வழியில் யோசிப்பவர்களுக்கு என்னிடம் இருக்கும் முதல் யோசனை இதுதான்: உங்கள் வாழ்க்கையில் வலிக்கிற இடம் ஒன்று இருக்கும், அதையே கேள்வியாக எடுத்துப் போங்கள். உங்களுக்கு அது சாராயமாக இருக்கலாம், விவாகரத்தாக இருக்கலாம், சாதியாக இருக்கலாம். கொள்கைக் கேள்விக்கு மனப்பாடப் பதில் வரும். வலிக்கிற கேள்விக்கு ஆள் வெளியே வருவார்.

பக்கத்து வீட்டு அக்கா கத்தோலிக்கர். அவர் குடும்பத்தோடு ஒருமுறை ஞாங்லேபின் லூர்து மாதா திருவிழாவுக்கே போய்வந்தேன். மெழுகுவர்த்தி, மாலை, தேர்ப் பவனி, நேர்த்திக்கடன். புடவை கட்டிய தமிழ்ப் பெண்களும் லோங்கி கட்டிய கரென் பெண்களும் ஒரே வரிசையில். இறங்கின உடனே வீட்டுக்கு வந்தது போலிருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. இயேசு இழுக்கிறாரா, பழக்கம் இழுக்கிறதா? காளி கோயில் வாசம் அடிப்பதால் எனக்குப் பிடிக்கிறது என்றால் நான் காளி கோயிலிலேயே இருந்திருக்கலாமே. பாப்டிஸ்ட் சபையில் இதற்கு நேர்மாறு. படமில்லை, சிலையில்லை, சாம்பிராணியில்லை, சுவர் வெறும் வெள்ளை. அந்த அந்நியமே எனக்குச் சுத்தமாகத் தெரிந்தது. அதுவும் ஏமாற்றுத்தான் என்று புரியப் பல மாதம் ஆனது. பழக்கமானது என்பதால் பொய்யாகாது, புதியது என்பதால் உண்மையும் ஆகாது.

கத்தோலிக்க ஃபாதரிடம் மாலைக் கேள்வியைக் கேட்டேன். சிரித்தார். "தாராளமா போடுங்க. நவம்பர் 2 அன்னைக்குக் கல்லறைக்கு வந்து பாருங்க, நாங்க பூ வைக்காத கல்லறை இருக்கான்னு." இறந்தவர்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுப்பதைப் பற்றிச் சொன்னார். ஆனால் படையல் வேண்டாம் என்றார். நினைவு வேறு, படைப்பது வேறு. எவ்வளவு நாளாகும் என்றேன். கற்பிக்கவே ஒரு வருடம், ஞானப் பெற்றோர் ஒருவர் வேண்டும், ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவில் திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம். அவசரப்படுத்தாதது எனக்குப் பிடித்திருந்தது.

அங்கே என் மானம் போன கதையையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது ஞாயிறோ மூன்றாவதோ, அப்பம் கொடுக்கும் நற்கருணை நேரத்தில் வரிசை எழுந்தது, நானும் எழுந்தேன். பிரசாதம் என்றுதான் நினைத்தேன். எங்கள் கோயிலில் வந்தவருக்கெல்லாம் கொடுப்பார்களே. முன்னால் போய்க் கையை ஏந்தி நின்றால், ஃபாதர் மெல்ல "நீங்க முழுக்கு எடுத்தவரா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். தலையில் கை வைத்து ஆசீர்வதித்து அனுப்பினார். பெஞ்சுக்குத் திரும்பும் வரை எல்லோரும் என்னையே பார்ப்பது போலிருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று அக்கா சத்தியம் செய்தார். புதிதாகப் போகிறவர்களுக்கு: அந்த நேரம் உட்கார்ந்தே இருங்கள், அல்லது இரண்டு கையையும் மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு போங்கள், ஆசீர்வாதம் கிடைக்கும். ஒவ்வொரு சபையும் அந்தப் பந்தியில் யாரை உட்கார வைக்கிறது என்று கவனியுங்கள். அந்தச் சபை தன்னை யார் என்று நினைத்துக்கொள்கிறது என்பது அங்கே தெரிந்துவிடும்.

தமிழில் ஆராதனை நடக்கும் ஒரு மெதடிஸ்ட் சபைக்கும் போனேன். தமிழ் கேட்க வேண்டும் என்ற ஆசையும் ஒரு காரணம். 1960களில் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு எங்கள் தலைமுறைக்குத் தமிழ் எழுத்து வீட்டில்தான். எனக்குப் பாட்டி அரிசித் தட்டில் சொல்லிக்கொடுத்தது. அந்தத் தமிழே ஒரு தடுமாற்றமானது. அக்கா வீட்டில் 'தூய ஆவி', இங்கே 'பரிசுத்த ஆவி'. அங்கே 'திருப்பலி', இங்கே 'ஆராதனை'. அங்கே 'நற்கருணை', இங்கே 'இராப்போஜனம்'. முதலில் இரண்டு மதம் என்றே நினைத்தேன். பாதிச் சண்டை சொற்களில்தான் என்று பிறகு தெரிந்தது. மீதிப் பாதி நிஜம்.

அங்கிருந்த போதகர் ஐயா வயதானவர், நேர்மையானவர். "படம் இருக்கட்டும் தம்பி. மாலை வேண்டாம். மாலை போட்டா அடுத்தது ஊதுபத்தி, அதுக்கடுத்தது வடை. நம்ம கை நமக்குத் தெரியாதா?" என்றார். இறந்தவர்களுக்காக ஜெபிப்பதும் அங்கே இல்லை. போனவர் தேவன் கையில், நாம் கேட்டு எதுவும் மாறாது. அந்தப் பதில் எனக்குக் கசந்தது. ஆனால் 'நம்ம கை நமக்குத் தெரியாதா' என்றதை இன்றும் மறக்க முடியவில்லை. அவரிடம் கேட்டுத்தான் இன்னொன்றும் தெரிந்தது. ரங்கோனில் மெதடிஸ்டுகள் 1879இல் தொடங்கியது அமெரிக்க வழி. மண்டலேயில் 1887இல் தொடங்கியது பிரிட்டிஷ் வழி. இன்று வரை மேல் மியான்மர், கீழ் மியான்மர் என்று இரண்டு தனிச் சபைகள். தொடங்கிவைத்த வெஸ்லி ஒருவர்தான், வேறு கப்பல்.

கப்பல் என்றதும் ஜட்சன் கதை. கரென் தோழியின் அப்பா பாப்டிஸ்ட் போதகர், எல்லோரும் அவரை சயா, அதாவது ஆசான், என்பார்கள். இன்செயினில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, லப்பெட் என்ற ஊறவைத்த தேயிலையைத் தின்றுகொண்டே கேட்ட கதை இது. 1812இல் அமெரிக்காவிலிருந்து கிளம்பும்போது ஜட்சன் பாப்டிஸ்டே இல்லை. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் காங்கிரிகேஷனல் சபைக்காரர். அந்தச் சபைகளின் சங்கம்தான் செலவு கொடுத்து அனுப்பியது. இந்தியாவில் வில்லியம் கேரி என்ற பாப்டிஸ்டைச் சந்திக்க வேண்டியிருக்கும், வாதம் வந்தால் பதில் சொல்ல வேண்டுமே என்று கப்பலிலேயே கிரேக்க வேதாகமத்தை எடுத்து ஞானஸ்நானம் பற்றிப் படித்திருக்கிறார். படித்துப் படித்து, எதிராளி சொல்வதுதான் சரி என்ற முடிவுக்கு வந்துவிட்டார். கல்கத்தாவில் அவரும் மனைவி ஆனும் முழுகி ஞானஸ்நானம் எடுத்தார்கள். அனுப்பிய சங்கத்துக்குத் தானே எழுதி விலகினார். 1813இல் ரங்கோன் வந்திறங்கியபோது பின்னால் நிற்க ஒரு சங்கம்கூட உறுதியாக இல்லை. முதல் பர்மியர் ஞானஸ்நானம் எடுத்தது 1819இல். வேதாகமத்தை மொழிபெயர்த்து முடிக்க 1834 ஆனது.

"அதனால நீ ரெண்டு வருஷம் சுத்தறதைப் பத்தி வெட்கப்படாதே," என்றார் சயா. மாலைக் கேள்விக்கு அவர் பதில் இன்னும் எளிது: "நீ யாருக்கு முழங்கால் போடறன்னு உனக்குத் தெளிவா தெரியுமா? தெரிஞ்சா மாலை உனக்குத் தானா பதில் சொல்லும்." அழகான பதில். ஆனால் எனக்குத் தெளிவு பற்றாது. தெளிவில்லாதவனுக்குத்தானே கேள்வி வருகிறது. தண்ணீர் விஷயத்தில் அவர்கள் கறார். தெளித்தது செல்லாது, குழந்தையில் கொடுத்தது செல்லாது, விசுவாசித்த பிறகு முழுக வேண்டும். இது நடைமுறையில் முக்கியம். பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் தண்ணீரில் கொடுத்த ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கர், ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள் தங்களுக்குள் ஏற்றுக்கொள்கிறார்கள், மறுபடி கொடுப்பதில்லை. 'இயேசுவின் நாமத்தில் மட்டும்' என்று கொடுக்கும் பெந்தெகொஸ்தேப் பிரிவுகளும் உண்டு; அதைக் கத்தோலிக்கர் ஏற்பதில்லை. ஆகவே எங்கே எடுத்தாலும் எந்தச் சொற்களால் கொடுத்தார்கள் என்று தெரிந்துகொண்டு, சான்றிதழைக் கையோடு வாங்கி வையுங்கள்.

பெந்தெகொஸ்தேக் கூட்டம் ஒன்றில்தான் அப்பா இறந்த பிறகு முதன்முறையாக வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவரவர் அவரவர் அழுகையில். அதற்காக அவர்களுக்கு எப்போதும் கடன்பட்டிருக்கிறேன். கசப்பு வந்தது வேறொரு சின்ன ஜெபக் குழுவில். பெயர் வேண்டாம். முதல் நாளே அடுத்த வாரம் ஞானஸ்நானம் என்று பேர் எழுதினார்கள். இன்னும் யோசிக்கவில்லை என்றேன். யோசிக்கச் சொல்வது பிசாசு என்றார்கள். மாலைக் கேள்விக்கு வந்த பதில், படத்தையே எடுத்து எரித்துவிடு என்பது. என் தோளில் கை போட்டு எடுத்த போட்டோ ஒன்று, 'விக்கிரகத்திலிருந்து விடுதலை' என்ற வரியோடு மறுநாள் போன் போனாகச் சுற்றி மாமா கைக்குப் போய்விட்டது. நான் அம்மாவிடம் நானே உட்கார்ந்து சொல்ல நினைத்திருந்த செய்தி, மாமா வாயால் தெருவில் நின்று கத்தலாக வந்தது. "அப்பன் சாம்பல் ஆறல, அதுக்குள்ள வித்துட்டான்!" என்றார். அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. போக ஆரம்பித்த முதல் மாதமே வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். முடிவு எடுத்த பிறகு சொல்லலாம் என்று வைத்துக்கொள்வது மரியாதை போலத் தெரியும். கேட்கிறவர்களுக்கு அது ஒளித்ததாகத்தான் படும். இன்னொன்று, எந்தக் கூட்டத்திலும் முழுப் பெயர், விலாசம் எழுதிக் கொடுக்கும் முன்பும், போட்டோவுக்கு நிற்கும் முன்பும் வேண்டாம் என்று சொல்லப் பழகுங்கள். நல்ல சபை கோபித்துக்கொள்ளாது. அதுவே ஒரு பரீட்சை.

2017 நவம்பர் 29ஆம் தேதி போப் பிரான்சிஸ் சைக்கசான் மைதானத்தில் திருப்பலி வைத்தபோது அக்கா என்னையும் இழுத்துப் போனார். விடியும் முன்பே போய்ப் புல்தரையில் உட்கார்ந்தோம். ஒன்றரை லட்சம் பேர் என்று செய்தியில் சொன்னார்கள். மன்றாட்டு நேரத்தில் ஷான், சின், கரென், கச்சின் என்று ஒவ்வொரு மொழியாக வந்தது, நடுவில் தமிழ். ஒலிபெருக்கியில் அந்தத் தமிழைக் கேட்டு அக்கா அழுதுவிட்டார். எனக்கும் தொண்டை அடைத்தது. அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் அங்கேயே கத்தோலிக்கனாகியிருப்பேன். நல்லவேளை யாரும் கேட்கவில்லை. பெரிய நாட்களில் முடிவெடுக்காதீர்கள். எந்தச் சபையானாலும் மழை கொட்டுகிற ஒரு சாதாரண ஞாயிறு, வார நாள் ஒன்று, அப்புறம் அவர்கள் வீட்டுச் சாவு ஒன்று, இந்த மூன்றையும் பார்த்துவிடுங்கள். சாவு வீட்டில் எதையும் மறைக்க முடியாது.

கடைசியில் நான் நின்றது ஓர் ஆங்கிலிக்கன் சபையில். பேராலயத்தில் இல்லை, ஒரு சின்னக் கோயிலில். ஞாயிற்றுக்கிழமை முப்பது நாற்பது பேர் வந்தால் அதிகம். ஆராதனை பர்மிய மொழியில், ஜெபங்கள் புத்தகத்தில் அச்சடித்தபடி. சொந்தமாக வார்த்தை தேட வேண்டியதில்லை என்பது எனக்குப் பெரிய நிம்மதி. துக்கத்தில் இருப்பவனுக்கு வார்த்தை எங்கே வரும்? அங்கிருந்த குருவிடம் மாலைக் கேள்வியைக் கேட்டபோது அவர் உடனே பதில் சொல்லவில்லை. அப்பா என்ன வேலை பார்த்தார், எப்படிப் போனார் என்றெல்லாம் விசாரித்தார். அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. பிறகு சொன்னார்: "பூ போடுங்கள். திதி நீங்கள் கொடுக்க முடியாது, அது உங்களுக்கே தெரியும். தம்பி இருக்கிறாரா? அவர் கொடுக்கட்டும். ஆனால் நீங்கள் வீட்டில் உட்கார்ந்துகொள்ளாதீர்கள். போய்ப் பக்கத்தில் நில்லுங்கள். அவர் உங்கள் அப்பா."

எல்லா ஆங்கிலிக்கக் குருவும் இதையே சொல்வார் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தச் சபைக்குள்ளேயே கத்தோலிக்கப் பக்கம் சாய்ந்தவரும் உண்டு, சுவிசேஷ சபைகள் பக்கம் சாய்ந்தவரும் உண்டு. எனக்குக் கிடைத்தது இவர். அக்கா இன்னும் என்மேல் வருத்தத்தில் இருக்கிறார். போப் வரைக்கும் கூட்டிப் போனேனே என்பார்.

காகித வேலையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் நாட்டில் அடையாள அட்டையிலேயே மதம் எழுதியிருக்கும். 2015இல் வந்த மதமாற்றச் சட்டப்படி 18 வயது நிரம்பியவர் நகரியக் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். நேர்காணல் உண்டு, 90 நாள் காத்திருக்க வேண்டும், அது நீளவும் கூடும். யாரும் கட்டாயப்படுத்தினார்களா, ஆசை காட்டினார்களா என்று கேட்பார்கள். ஒரு வக்கீலைப் பார்த்துக் கேட்டுக்கொண்டு, ஞானஸ்நானத்துக்கு முன்பே இதைத் தொடங்குங்கள். சபையில் சிலர் இதெல்லாம் தேவையில்லை என்பார்கள். பின்னால் அலுவலகத்தில் நிற்பது அவர்கள் இல்லை.

2018 ஏப்ரல் 1ஆம் தேதி, ஈஸ்டர் அன்று ஞானஸ்நானம். அம்மா வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தம்பியோடு வந்து கடைசி பெஞ்சில், செருப்பை வெளியே கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் எல்லோரும் செருப்போடு. குரு மூன்று முறை தண்ணீரை மொண்டு என் தலையில் ஊற்றினார். வெளியே வந்ததும் அம்மா தன் முந்தானையால் என் தலையைத் துவட்டினார். "இவ்வளவுதானா? இதுக்கு ரெண்டு வருஷமா? இன்னும் ரெண்டு வாரத்துல திஞ்சான் தண்ணித் திருவிழா வருது, தெருவுல சும்மாவே குடம் குடமா ஊத்துவானுங்களே" என்றார். தம்பி சிரித்துவிட்டான். நானும்தான்.

அந்த ஆடி அமாவாசைக்குத் தம்பிதான் திதி கொடுத்தான். நல்ல மழை. ஆற்றங்கரையில் எள்ளும் தண்ணீரும் அவன் கையிலிருந்து இறங்கும்போது, நனையாமல் இருக்க நான் அவனுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தேன். பாதியில் அவனுக்கு அப்பா வழியில் மூன்றாவது தலைமுறைப் பெயர் வரவில்லை. ஐயர் காத்திருந்தார். நான் குனிந்து அவன் காதில் சொன்னேன்.